துணி நாயகனாகும் திரை

ஆடைகளைப் பற்றிய குறும்படங்களுக்கென்றே பாரிஸில் 2008இல் ஒரு சர்வதேசத் திரைப்பட விழா தொடங்கப்பட்டது என்று சொன்னபோது, "விளம்பரப் படங்களுக்கெல்லாமா விழா எடுப்பார்கள்?" என்று என் தங்கை கேட்டாள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அந்த விழா தேவையானது என்றே நான் உறுதியாக நினைக்கிறேன். அதற்கான காரணத்தை அவளிடம் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

விழாவின் பெயர் 'எ ஷேடட் வியூ ஆன் ஃபேஷன் ஃபிலிம்'. சுருக்கமாக 'அஸ்வாஃப்' என்பார்கள். அதை நிறுவிய டயேன் பெர்னெட்டை, உயர்த்திக் கட்டிய கொண்டையும் கறுப்பு முக்காடும் கறுப்புக் கண்ணாடியுமாகப் புகைப்படங்களில் பலர் பார்த்திருக்கக்கூடும். அமெரிக்காவில் சினிமா படித்து, நியூயார்க்கில் பல ஆண்டுகள் சொந்தப் பெயரில் ஆடை வடிவமைத்து, பிறகு பாரிஸில் குடியேறியவர் அவர். தையலும் சினிமாவும் ஆகிய இரண்டு தொழில்களையும் உள்ளிருந்து அறிந்த ஒருவருக்குத்தான் இப்படியொரு விழா தோன்றியிருக்க முடியும் என்பது என் எண்ணம். மிலானிலும் 2014 முதல் இதே நோக்கத்துடன் ஒரு விழா நடக்கிறது.

துணியும் சினிமாவும் இவ்விழாக்களில்தான் முதன்முதலில் சந்தித்தன என்று நினைத்துவிடக் கூடாது. சினிமா பிறந்த காலத்திலேயே, 1890களின் நடுவில், எடிசனின் நிறுவனம் எடுத்த மிகச் சிறிய படமொன்றில் அனபெல் என்ற நடனக் கலைஞர் அகன்ற பாவாடையை இரு கைகளாலும் சுழற்றி ஆடுகிறார். சில பிரதிகளில் ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கையாலேயே வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். துணி விரிந்து, மடிந்து, மறுபடி விரியும்போது அந்த நிறமும் மாறிக்கொண்டே போகிறது. சிறிது நேரத்தில் ஆடுபவரின் முகம் நம் நினைவிலிருந்து நழுவி, துணியே படத்தின் நாயகனாகிவிடுகிறது. உடுத்தி நடப்பதற்காகத் தைக்கப்படும் ஆடையின் அசைவை நிழற்படத்தால் காட்டிவிட முடியாது. புகைப்படக் கலைஞரான நிக் நைட் 2000இல் ஷோஸ்டூடியோ என்ற இணையதளத்தைத் தொடங்கி ஃபேஷன் படங்களுக்கு இடம் கொடுத்ததற்கு இந்த எண்ணமே அடிப்படை.

அப்படியானால் விளம்பரத்துக்கும் ஃபேஷன் படத்துக்கும் என்ன வேறுபாடு? பிராண்டின் பெயரை எடுத்துவிட்டாலும் படம் நிற்கிறதா என்பதுதான் நான் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல். மியூ மியூ என்ற ஆடை நிறுவனத்துக்காக பிரெஞ்சு இயக்குநர் ஆன்யெஸ் வார்தா 2015இல் எடுத்த 'மூன்று பொத்தான்கள்' அந்தச் சோதனையில் தாராளமாகத் தேறும். ஆடு மேய்க்கும் சிறுமிக்குத் தபால்காரர் ஒரு பொட்டலம் கொண்டுவருகிறார். அதற்குள் இருப்பது யாராலும் உடுத்த முடியாத அளவுக்குப் பெரிய, அடர் இளஞ்சிவப்பு உடுப்பு. அவள் குகைக்குள் நுழைவதுபோல அதற்குள் நுழைகிறாள். பிறகு நடந்து போகும் வழியில் அவள் ஆடையிலிருந்து பொத்தான்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. எதையும் வாங்கச் சொல்லாத அந்தப் படம், ஓர் உடுப்பு ஒரு பெண்ணுக்கு என்னவெல்லாம் ஆக முடியும் என்று யோசிக்க வைக்கிறது. நிறுவனத்தின் பணத்தில் எடுத்தாலும் கலைஞர் தன் வழியில் போக முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

2020 ஜூலையில், கொரோனாவால் பாரிஸின் ஆடை அணிவகுப்புகள் இணையத்துக்கு மாறியபோது, டியோர் என்ற ஆடை நிறுவனத்துக்காக இத்தாலிய இயக்குநர் மத்தேயோ கரோனே ஒரு படம் எடுத்தார். பொம்மைகளுக்கான அளவில் தைத்த ஆடைகளை ஒரு பெட்டியில் வைத்து, காட்டில் வாழும் தேவதைகளிடம் இருவர் சுமந்து செல்கிறார்கள். நடித்தவர்கள் அனைவரும் வெள்ளையர்களாக இருந்தது பற்றி எழுந்த கண்டனம் சரியானது. அந்தக் குறையை அழகைக் காரணம் காட்டித் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தச் சிற்றாடைகளைத் தைக்கும் பெண்களின் விரல்களைக் காட்டும் காட்சிகள் என்னை விட்டுப் போகவில்லை. ஊசி நுழைகிறது, நூல் இழுபடுகிறது, பொம்மைக்கான ஒரு சிறிய உடுப்புக்கு முழு அளவு ஆடைக்குரிய கவனம் கிடைக்கிறது.

ஃபேஷன் படங்கள் குறித்த என் பெரிய மனக்குறையும் இங்கேதான் இருக்கிறது. நான் பார்த்த பெரும்பாலான படங்களின் இறுதியில் இயக்குநர், ஒளிப்பதிவாளர், முடி அலங்காரம் செய்தவர், ஒப்பனையாளர் என எல்லோருடைய பெயரும் வருகிறது. துணியை நெய்தவர், வெட்டியவர், பூவேலை செய்தவர் பெயர்களைக் காண்பதில்லை. துணியே நாயகனாக இருக்கும் ஒரு படத்தில் அதை உருவாக்கியவருக்குப் பெயர் இல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. படங்களைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் விழாக்களின் கையில் இருக்கிறது. விண்ணப்பப் படிவத்தில் இயக்குநரின் பெயருக்கு அடுத்த வரியிலேயே நெசவு, வெட்டு, தையல், பூவேலை செய்தவர்களின் பெயர்களையும் கேட்டு, அந்த வரி காலியாக வந்தால் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதற்குக் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அடுத்த விழாவிலேயே தொடங்கிவிடலாம்.