ஓர் எழுத்தைப் பார்த்தே படத்தை ஒதுக்கினால் எப்படி?

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மார்மன் என்ற கிறித்தவப் பிரிவினரின் வீடுகள் பலவற்றில் ஒரு படத்தைப் பற்றிய பேச்சே 'ஆர்' என்ற தணிக்கைத் தர எழுத்தோடு (17 வயதுக்குட்பட்டவர்கள் பெரியவர் துணையின்றிப் பார்க்கக் கூடாது என்று பொருள்) முடிந்துவிடுகிறது. 1986-இல் திருச்சபைத் தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் 'ஆர்' படம் வேண்டாம் என்று இளைஞர்களுக்குத்தான் சொன்னார். பெரியவர்களும் அதைச் சட்டமாகப் பிடித்துக்கொண்டார்கள். அந்த எழுத்தைப் போடுவது திருச்சபையா? இல்லையே, ஹாலிவுட்காரர்களே வைத்திருக்கும் குழு! படுமோசமான பாலியல் கெட்டவார்த்தை ஒருமுறை வந்தால் 'பிஜி-13' (13 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் கவனம் தேவை என்ற தரம்), அதைத் தாண்டினால் பெரும்பாலும் 'ஆர்'. திக்கிப் பேசும் மன்னரின் கதையான 'தி கிங்ஸ் ஸ்பீச்' (2010) மாட்டியது இப்படித்தான். ரத்தம் காட்டாமல் கூட்டங்கூட்டமாகச் சுட்டுத்தள்ளும் படங்களோ 'பிஜி-13' வாங்கிப் பிள்ளைகளோடு ஓடுகின்றன. படம் என்ன சொல்கிறது என்று ஒருவராவது கேளுங்களேன். காட்சிகளை வெட்டி டிவிடி விற்ற யூட்டா கடைகளும் இதைக் கேட்கவில்லை; 2006-இல் டென்வர் நீதிமன்றம் காப்புரிமை மீறல் என்று அவற்றைத் தடுத்தது.