ஹாரி பாட்டர் பிறந்த இடம் காபிக் கடை அன்று

வீட்டில் குளிர்காயும் கணப்பு வசதி இல்லாததால் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரிலுள்ள 'எலிஃபண்ட் ஹவுஸ்' காபிக் கடையில் ஒதுங்கி, அங்கேதான் ஜே.கே. ரௌலிங் ஹாரி பாட்டரை எழுதத் தொடங்கினார் என்று பரவும் செய்தி தவறானது. 1990இல் மான்செஸ்டரிலிருந்து லண்டன் செல்லும் ரயில் தாமதமானபோது கதை அவர் மனத்தில் உதித்தது. லண்டன் கிளாப்பம் ஜங்ஷனில், ஒரு விளையாட்டுப் பொருள் கடைக்கு மேலிருந்த வாடகைக் குடியிருப்பில்தான் எழுதத் தொடங்கியதாக 2020இல் அவரே தெளிவுபடுத்தினார். அந்தக் காபிக் கடை திறக்கப்பட்டதே 1995இல்தான். பின்னர் அவர் அங்கும் எழுதியதுண்டு. கணப்புக் கதையையும் அவர் மறுத்திருக்கிறார்.

வறுமை மட்டும் பொய்யன்று. அரசு உதவித்தொகையில் தனித்து மகளை வளர்த்த அவர், தள்ளுவண்டியில் குழந்தை உறங்கியதும் அருகிலுள்ள காபிக் கடைக்கு விரைந்து, அது விழிக்கும்வரை எழுதினார். 1997இல் வெளிவந்து சிறுவர் நூல்களுக்கான ஸ்மார்ட்டீஸ் பரிசை வென்ற முதல் நாவலின் பின்னே இருப்பது, குளிர்காய வந்த ஒரு நாள் அல்ல, பல்லாண்டு உழைப்பு.