வேலைக்குப் போகும் பிள்ளைகளின் நட்பும் நம் திரைப்படங்களும்

தமிழ்த் திரைப்படங்களில் பதின்வயது நட்பு என்றாலே பள்ளிச் சீருடையும், மிதிவண்டியும், கடைசித் தேர்வு முடிந்த நாளின் கண்ணீரும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கூட்டாளிகளில் கூலித் தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவன் கட்டாயம் இருப்பான். ஆனால் நாயகனின் காதல் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கவும், அவனுக்காக அடி வாங்கவும், நம்மைச் சிரிக்க வைக்கவும் மட்டுமே இருப்பான். பள்ளி விட்டதும் அவன் எங்கே போகிறான், சனி ஞாயிறுகளில் என்ன வேலை செய்கிறான் என்பதைப் படம் கேட்பதே இல்லை. உழைக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குள் நட்பு இறுகுவது பெரும்பாலும் அந்த வேலையிடத்தில்தான் என்பதால், வேலையைக் காட்டாமல் விடும் படம் அவர்களுடைய நட்பையும் பாதிதான் காட்டுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

2024 ஆகஸ்டில் வெளிவந்த மாரி செல்வராஜின் ‘வாழை’யை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். சிவனைந்தனும் சேகரும் பள்ளியிலும் ஒன்றாக இருக்கிறார்கள், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமக்கவும் ஒன்றாகப் போகிறார்கள். ஒருவன் ரஜினி ரசிகன், மற்றவன் கமல் ரசிகன். அதை வைத்து ஓயாமல் மல்லுக்கு நிற்கிறார்கள். தலையில் தாரைச் சுமந்தபடி, கால் புதையும் சேற்றைத் தாண்டி லாரிவரை நடக்கும்போது, ஒருவனின் வலியை மற்றவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. அவன் கழுத்திலும் அதே பாரம்தான். அவர்களாக நடிக்கும் பொன்வேலும் ராகுலும் அந்தச் சோர்வோடுதான் குறும்பும் செய்கிறார்கள். கூலியைக் கூட்டிக் கேட்டதற்குப் பிறகு தார் ஏற்றிய லாரியின் மேலேயே ஆட்களையும் ஏற்றி அனுப்புவதால்தான் இறுதியில் அத்தனை உயிர்கள் போகின்றன. ஆகவே அந்த நட்பு முறிவதைப் படம் விதியின் தலையில் போடவில்லை, கூலிக் கணக்கோடு சேர்த்தே சொல்கிறது.

பத்தாண்டுகளுக்கு முன், 2014இல், விஜய் மில்டனின் ‘கோலி சோடா’ கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமக்கும் நான்கு பையன்களை நாயகர்களாகவே ஆக்கியது. சந்தையிலேயே உண்டு உறங்கும் அவர்கள், ‘ஆச்சி மெஸ்’ என்ற சாப்பாட்டுக் கடையைக் கூட்டாக நடத்தத் தொடங்கும் பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் பிற்பகுதியில் அந்த உழைப்பு பின்னுக்குப் போய், மீசை அரும்பாத பையன்கள் ரௌடிகளைப் பந்தாடும் சண்டைகள் முன்னுக்கு வந்துவிடுகின்றன. ஏழைப் பையன்களின் ஒற்றுமையை அடிதடியில்தான் நிரூபிக்க வேண்டும் என்ற வழக்கத்துக்கு அந்தப் படமும் தலைசாய்த்தது எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம் 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தபோது இரண்டு விலக்குகளை அளித்தது. ஒன்று, பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவுவது; மற்றொன்று, திரைப்படம் போன்றவற்றில் நடிப்பது. 14 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கோ அபாயகரமான தொழில்கள் மட்டுமே தடை செய்யப்பட்டுள்ளன. சிறுவர்களை வேலைக்கு அமர்த்தச் சட்டமே இடம் கொடுத்திருக்கும் துறை திரைத்துறை என்பதால், வேலை செய்யும் சிறுவர்களைத் திரையில் காட்டும்போது கூடுதல் அக்கறை காட்டும் கடமை அதற்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இவ்வளவும் பையன்களைப் பற்றித்தான். கல்யாணத்துக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்று சொல்லி, ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் திருப்பூர், திண்டுக்கல் வட்டாரத்து நூற்பாலைகளுக்குப் பதின்வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் அழைத்துச் செல்லப்பட்டார்கள். ஆலை விடுதியில் அடைபட்டு, ஷிப்ட் மாறி மாறி உழைத்த அவர்களுக்கு அருகில் படுத்திருந்த தோழிதான் அக்காவாகவும் தங்கையாகவும் இருந்திருப்பாள். 2010இல் ‘அங்காடித் தெரு’ துணிக்கடை ஊழியர்களின் விடுதிக்குள் நம்மை அழைத்துப்போனது. ஆனால் அதன் மையம் காதல்தான், பெண்களின் தோழமை அல்ல. தோழிகள் இருவர் சம்பளச் சீட்டில் பிடித்தம் எவ்வளவு என்று சேர்ந்து கணக்குப் பார்ப்பதையும், ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் மற்றவள் சூப்பர்வைசரிடம் போய் வாதாடுவதையும் முழு நீளக் கதையாக எடுக்க ஒரு இயக்குநர் முன்வந்தால், முதல் நாளே போய்ப் பார்க்க நான் தயார்.