இறுதிப் போட்டியை விடுங்கள், ஒல்லாந்தரோடு ஆடியதைப் பேசுவோம்

டிசம்பர் 18 வந்துவிட்டால் என் முகநூல் நீலமும் வெள்ளையுமாகிவிடுகிறது. 2022 உதைபந்தாட்ட உலகக் கிண்ண இறுதிப் போட்டியின் காணொளித் துண்டுகள், மொன்டியேல் அடித்த கடைசி பெனால்டி, மெஸ்ஸி கிண்ணத்தை முத்தமிடும் படம். நானும் பார்க்கிறேன், விருப்பக்குறியும் போடுகிறேன். ஆனாலும் ஆர்ஜன்டீனா உலகக் கிண்ணத்தை வென்றது அன்றைக்கு அல்ல என்பதுதான் என் கட்சி. ஒன்பது நாட்களுக்கு முன்னரே, டிசம்பர் 9 அன்று, அதே லுசைல் அரங்கில், நெதர்லாந்துக்கு எதிரான காலிறுதியில் வென்றுவிட்டது.

அந்தக் காலிறுதியை யாரும் அவ்வளவாகப் பகிர்வதில்லை. பகிர்ந்தாலும் மெஸ்ஸி சக வீரர் மொலினாவுக்குக் கொடுத்த பந்தோடு வெட்டிவிடுவார்கள். காரணம் விளங்காமல் இல்லை. அது பார்ப்பதற்கு இனிய ஆட்டம் அல்ல. உலகக் கிண்ண வரலாற்றிலேயே அதிக மஞ்சள் அட்டைகள் காட்டப்பட்ட ஆட்டம். ஸ்பெயின் நடுவர் மத்தேயு லாஹோஸை இரண்டு தரப்பும் திட்டித் தீர்த்தன. நின்று நிதானமாகப் பந்தை விளையாடிய நேரத்தைவிட, ஒருவரை ஒருவர் நெஞ்சால் இடித்துக்கொண்டு நின்ற நேரம் கூடுதல் போலத் தோன்றியது. அப்படிப்பட்ட ஒன்றைத் தூக்கிப் பிடித்து எழுத எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

முதலில் அந்த இரவைப் பற்றி. மட்டக்களப்பில் அன்று விழித்திருந்தவர்களுக்கு வேறொரு காரணத்துக்காகவும் அது மறக்காது. மாண்டஸ் புயல் எங்களைக் கடந்து மாமல்லபுரம் பக்கம் கரையேறிக்கொண்டிருந்த இரவு அது. காற்று மாசடைந்திருப்பதாகச் சொல்லி அன்று நாடு முழுவதும் பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். எங்கள் ஊரில் குளிர் என்றால் மார்கழி விடியலில் போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வதுதான். அன்று வீசியது அந்தக் குளிர் அல்ல. வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்துப்போன குளிர். மாமாவின் தம்பிக்குப் படுவான்கரையில் மாட்டுப் பட்டி இருக்கிறது. கன்றுகளை ஒரு கொட்டிலுக்குள் அடைத்து, யூரியாச் சாக்கை முதுகில் கட்டி, பொச்சுமட்டையில் நெருப்பு மூட்டிக்கொண்டு அவர்கள் விழித்திருந்தார்கள். இங்கே கல்லடியில், நான் பெண்ணெடுத்த வீட்டின் விறாந்தையில் மாமா கைபேசியைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். உள்ளே நாங்கள் ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தோம். இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன.

என் மச்சான் பிரேசில் ஆதரவாளர். இரவு எட்டரைக்குத் தொடங்கிய ஆட்டத்தில் பிரேசில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்று, மார்க்கினியோஸ் அடித்தது கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது மணி பதினொன்று தாண்டியிருந்தது. அவர் எழுந்து போய்ப் படுத்திருக்கலாம். படுக்கவில்லை. நெதர்லாந்துக்கு ஆதரவாகப் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். தன் அணி போன இரவில் அடுத்தவன் அணியும் போகவேண்டும் என்று காத்திருப்பதும் உதைபந்தாட்ட ரசனையில் ஒரு பகுதிதான், அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து நம் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தரின் வாரிசுகள் இன்றைக்கும் சும்மா போகமாட்டார்கள் என்று வேறு சொன்னார். நீண்ட காலம் அரச அலுவலகமான கச்சேரி இயங்கிய அந்தக் கோட்டைச் சுவரைத் தவிர ஒல்லாந்தரோடு அவருக்கு ஒரு சம்பந்தமும் கிடையாது.

நள்ளிரவு தாண்டிப் பன்னிரண்டரைக்கு ஆட்டம் தொடங்கியது. ஆர்ஜன்டீனாவின் பயிற்றுநர் ஸ்கலோனி அன்று ஐந்து பேரைப் பின்னால் நிறுத்தினார். நெதர்லாந்தின் அமைப்புக்கு நேருக்கு நேர் ஆள் வைப்பதற்காக லிசாந்த்ரோ மார்டினெஸை உள்ளே கொண்டுவந்தார். 35 ஆவது நிமிடத்தில் அந்தப் பந்து. மெஸ்ஸி வலப்பக்கமிருந்து உள்ளே வெட்டி ஓடுகிறார், பார்வை ஒரு பக்கம், பந்து மறுபக்கம். நெதர்லாந்தின் ஆக்கேயைக் கடந்து மொலினாவின் காலடியில் போய் நின்றது அது. தொலைக்காட்சியில் மேலிருந்து பார்த்த எங்களுக்கே அந்த இடைவெளி தெரியவில்லை, தரையில் நின்றவருக்கு எப்படித் தெரிந்தது என்று மச்சான் கூட ஒரு கணம் கட்சி மறந்து கேட்டார். 73 ஆவது நிமிடத்தில் அகூன்யாவை டம்ஃப்ரீஸ் தடுக்கி விழுத்த, மெஸ்ஸியின் பெனால்டி. இரண்டுக்குப் பூச்சியம்.

இதோடு முடிந்திருந்தால் நான் இந்தப் பதிவை எழுதியிருக்கமாட்டேன்.

அதன் பிறகு ஆர்ஜன்டீனா செய்தது என்னைப் பொறுத்தவரை பிழை. பின்வாங்கி நின்றுகொண்டது. நெதர்லாந்தின் பயிற்றுநர் வான் ஹாலுக்கு வேண்டியதும் அதுதான். அவர் அழகியல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டு நெட்டையர்களை நம்பினார். முன்னரே இறக்கியிருந்த லூக் டி யோங்கோடு, ஒரு மீற்றர் 97 சென்டிமீற்றர் உயரமுள்ள வெக்ஹோர்ஸ்ட். பந்தை உயரத் தூக்கிப் போடு, தலையால் முட்டு. 83 ஆவது நிமிடத்தில் பேர்க்ஹவுஸ் அனுப்பிய பந்தை வெக்ஹோர்ஸ்ட் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மாமா, "யார் இவன், கமுகு மாதிரி?" என்று கேட்டுவிட்டு மீண்டும் விறாந்தைக்குப் போனார்.

அதற்குப் பிறகு ஆர்ஜன்டீனாவின் பரேடெஸ் ஆக்கேயை வெட்டி விழுத்தியதும் போதாமல், பந்தை நெதர்லாந்து வீரர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குள் உதைத்தார். வான் டைக் ஓடி வந்து அவரை நெஞ்சால் மோதித் தள்ளினார். அங்கே பரேடெஸுக்குச் சிவப்பு அட்டை காட்டியிருந்தால் யாரும் மறுப்புச் சொல்லியிருக்க முடியாது. மெஸ்ஸி பந்தைக் கையால் தடுத்ததற்கு மஞ்சள் அட்டை வராததும் அப்படித்தான். ஆர்ஜன்டீனா ஆதரவாளன் என்பதற்காக இவற்றை விழுங்க வேண்டிய அவசியம் எனக்கில்லை.

தொண்ணூறு நிமிடம் முடிய, மேலதிகமாகப் பத்து நிமிடம் காட்டினார்கள். அந்தப் பத்தும் முடிந்துவிட்ட நேரத்தில், பெனால்டிப் பெட்டிக்குச் சற்று வெளியே ஆர்ஜன்டீனாவின் பெஸெல்லா வெக்ஹோர்ஸ்டைத் தள்ளியதால் ஃப்ரீ கிக். கடைசி உதை இதுதான் என்று அரங்குக்கே தெரியும். எல்லோரும் நேரடியாகக் கோலை நோக்கி அடிப்பார்கள் என்று எதிர்பார்த்தார்கள். சுவராக நின்றவர்கள் குதிக்கத் தயாராக நின்றார்கள். கூப்மைனர்ஸ் ஓடி வந்து, அடிக்காமல், பந்தைத் தரையோடு தரையாக மெல்லத் தட்டி விட்டார். சுவரின் ஓரத்தில் முதுகைக் காட்டி நின்ற வெக்ஹோர்ஸ்ட் அதை வாங்கித் திரும்பி இடக்காலால் உள்ளே போட்டார். உலகக் கிண்ணக் காலிறுதியின் நூற்றோராவது நிமிடத்தில் அப்படி ஒன்றைச் செய்து பார்ப்பதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்? தவறியிருந்தால் கூப்மைனர்ஸ் வாழ்நாள் முழுவதும் பேச்சு வாங்கியிருப்பார். எதிரணி போட்ட கோல் ஒன்றை நான் இத்தனை தடவை திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன் என்றால் அது இதுதான்.

மச்சான் கதிரையில் ஏறி நின்றுவிட்டார். மாமி எழுந்து வந்து, மாடு சாகும் இரவில் என்ன கூத்து இது என்று எங்கள் இருவரையும் ஏசினார். ஏச்சு நியாயமானது. ஆனாலும் போய்ப் படுக்கச் சொல்லவில்லை, இஞ்சி போட்டுப் பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

இங்கேதான் நான் சொல்ல வந்தது தொடங்குகிறது. இரண்டு கோல் முன்னிலையைக் கடைசி நேரத்தில் பறிகொடுத்த அணிக்கு வழக்கமாக என்ன நடக்கும் என்று எங்கள் ஊர் வெபர் மைதானத்திலும் பார்த்திருக்கிறோம், பெரிய அரங்குகளிலும் பார்த்திருக்கிறோம். கால் கனத்துப்போகும். ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வார்கள். எப்படியாவது பெனால்டிக்குப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று பந்தை வெளியே அடிப்பார்கள். ஆர்ஜன்டீனாவும் அப்படியே சரியும் என்றுதான் நினைத்தேன். சமநிலை என்பதால் வந்த அரைமணி மேலதிக நேரத்தின் முதல் பாதியில் இரு பக்கமும் மூச்சு வாங்கியது. இரண்டாம் பாதியில் ஆர்ஜன்டீனா எழுந்து முன்னால் ஓடத் தொடங்கியது. லவுடாரோ மார்டினெஸ் அடித்ததை வான் டைக் உடம்பைக் கொடுத்துத் தடுத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் என்ஸோ பெர்னாண்டஸ் அடித்தது கம்பத்தில் பட்டது. வெல்ல வேண்டியதைக் கையிலிருந்து நழுவ விட்ட அணி, அழுதுகொண்டு நிற்காமல், மறுபடி போய் வெல்லப் பார்த்தது. அந்தப் பதினைந்து நிமிடத்தைத்தான் நான் கிண்ணம் என்கிறேன். ஒருவரும் அந்தப் பதினைந்து நிமிடத்தைப் பகிர்வதில்லை, கோல் விழவில்லை அல்லவா.

அடுத்தது பெனால்டி. பெனால்டி வெறும் அதிர்ஷ்டம் என்பவர்களோடு எனக்கு எப்போதும் சண்டை. ஸ்பெயின் பயிற்றுநர் லூயிஸ் என்ரிக்கே, தன் வீரர்கள் ஒவ்வொருவரும் ஆயிரம் பெனால்டி அடித்துப் பழகிவிட்டு வரவேண்டும் என்று வீட்டுப் பாடம் கொடுத்திருந்தார். அதே வாரம் மொரோக்கோவிடம் ஒன்றைக்கூட உள்ளே போட முடியாமல் தோற்றார்கள். வான் ஹாலும் இந்த ஆட்டத்துக்கு முன், பெனால்டி வரை போனால் தங்கள் கைதான் ஓங்கும் என்று சொல்லியிருந்தார். பயிற்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொரு மீற்றர் தூரத்தில் நிற்பது காலின் வேலை மட்டுமல்ல. இருட்டு விழும் நேரத்தில் நம் ஊர்ச் சுற்றுப்போட்டி சமநிலையில் முடிந்து, யார் அடிக்கிறீர்கள் என்று தலைவர் கேட்கும்போது, எத்தனை பேர் திடீரென்று குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்குகிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு இது தெரியும்.

ஆர்ஜன்டீனாவின் கோல் காப்பாளர் எமிலியானோ மார்டினெஸ் நெதர்லாந்தின் முதல் இரண்டையும் தடுத்தார். முதலில் வான் டைக், அடுத்து பேர்க்ஹவுஸ். தென் அமெரிக்க நாடுகளின் 2021 கோப்பா அமெரிக்கா அரையிறுதியில் கொலம்பியாவின் மூன்று பெனால்டிகளைத் தடுத்த அதே ஆள். ஒருமுறை என்றால் அதிர்ஷ்டம் என்று விடலாம். ஆர்ஜன்டீனாவின் நான்காவதை என்ஸோ அடித்தார். உள்ளே போயிருந்தால் முடிந்திருக்கும். இருபத்தொரு வயதுப் பையன், வெளியே அடித்துவிட்டார். டி யோங் நெதர்லாந்துக்குப் போட்டுவிட, எல்லாம் ஐந்தாவது உதையில் வந்து நின்றது. வந்தவர் லவுடாரோ.

அவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்று, 36 ஆட்டங்களாகத் தோல்வி காணாத தொடர் உடைந்த அன்று, அவர் போட்ட இரண்டு கோல்கள் ஓஃப்சைட் என்று கழிக்கப்பட்டன. பிறகு தன் இடத்தை அல்வாரெஸிடம் இழந்தார். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக உள்ளே வந்து கிடைத்த வாய்ப்புகளைத் தவறவிட்டார். அந்த உலகக் கிண்ணத்தில் ஒரு கோல் கூட அவர் பெயரில் இல்லை. அப்படிப்பட்ட ஒருவர் கடைசி உதைக்கு நடந்து வருகிறார். போட்டால் அரையிறுதி, விட்டால் வீடு திரும்பும்வரை அந்தப் பெயர்தான் வாயில் அடிபடும். இடது மூலையில் போட்டார். 4-3. எல்லோரும் அவரை நோக்கி ஓடினார்கள், ஒருவரைத் தவிர. மெஸ்ஸி மறுபக்கம் போய், புல்லில் விழுந்து கிடந்த கோல் காப்பாளரைக் கட்டிக்கொண்டார்.

இறுதிப் போட்டியை எடுத்துப் பாருங்கள். அங்கும் இரண்டுக்குப் பூச்சியம். அங்கும் பின்வாங்கல். டி மரியாவை 64 ஆவது நிமிடத்தில் வெளியே எடுத்ததை நான் இன்றுவரை ஸ்கலோனிக்கு மன்னிக்கவில்லை. பிரான்ஸின் எம்பாப்பே 97 விநாடிகளுக்குள் இரண்டு கோல் போட்டார். உலகமே ஆர்ஜன்டீனா முடிந்தது என்று நினைத்தபோது நான் நினைக்கவில்லை. இந்த அடியை அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை வாங்கி, எழுந்து நின்றவர்கள். மேலதிக நேரத்தில் மறுபடியும் முன்னால் போனார்கள், மெஸ்ஸி போட்டார், எம்பாப்பே திரும்பவும் சமப்படுத்தினார், அப்போதும் சரியவில்லை. நெதர்லாந்து அந்த இரவில் அவர்களை அப்படி உலுக்கியிருக்காவிட்டால் பிரான்ஸ் உலுக்கியபோது உதிர்ந்திருப்பார்கள் என்பது என் முடிவு. ஏற்காதவர்கள் ஏற்காமல் இருக்கலாம்.

வெற்றிக்குப் பிறகு நடந்ததை மட்டும் என்னால் கொண்டாட முடியாது. தோற்று நின்ற நெதர்லாந்து வீரர்களைப் பார்த்துக் காதில் கைவைத்துக் கேலி செய்த அந்தப் படம் எனக்குப் பிடிக்கவில்லை. பெனால்டி அடிக்கப் போனவர்களிடம் அவர்கள் வந்து வாய் கொடுத்தார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனாலும் வென்றவன் நீ. அதற்கு முன், ஆட்டத்தின் நடுவில் தன் பெனால்டியைப் போட்டதும் வான் ஹாலின் முன்னால் போய் மெஸ்ஸி இரு காதுகளிலும் கைவைத்து நின்றதும் அப்படியே. எதிரில் இருந்தவர் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றுக்கொண்டே அணியை நடத்திய 71 வயது மனிதர். தான் செய்தது தனக்கே பிடிக்கவில்லை என்று மெஸ்ஸி பிறகு சொன்னார். அதையும் சேர்த்துப் பகிருங்கள் என்கிறேன் நண்பர்களிடம், பகிர்வதில்லை.

மணி மூன்று கடந்திருந்தது. படுவான்கரையில் விடிந்தபோது பட்டியில் பல மாடுகள் எழும்பவில்லை. சின்ன மாமா அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கொட்டிலுக்குள் இருந்த கன்றுகள் தப்பின.

மச்சான் இதை வாசிப்பார் என்று தெரியும். வாசித்துவிட்டு, பெனால்டியில் வென்றதெல்லாம் ஒரு வெற்றியா என்று கீழே எழுதுவார், வருடா வருடம் எழுதுகிறார். எழுதட்டும் மச்சான். 1994 இல் பசடீனாவில், 120 நிமிடம் ஆடி ஒரு கோல் கூடப் போடாமல், இத்தாலியின் பாஜியோ பெனால்டியை மேலே அடித்ததால் கிண்ணம் தூக்கியது எந்த நாடு என்பதை அதற்குக் கீழே நான் எழுதுகிறேன்.