மேடை நடிகர் என்றாலே கத்துவாரா?
நாடக மேடையில் பழகியவர்களுக்குக் கேமரா முன் அடக்கி வாசிக்க வராது என்று, நடிப்பைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரையில் அதை எழுதியவர் ஒரே போடாகப் போட்டிருப்பதை ஏற்க முடியவில்லை. மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமே என்று குரலை உயர்த்தினார்கள். அது இடத்தின் தேவை. கூத்துப்பட்டறை என்ற சென்னை நாடகக் குழுவில் பயின்ற திரைப்பட நடிகர் பசுபதி கத்தியா பேர் வாங்கினார்? மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் மாரியம்மன் திருவிழாவுக்கு அரிச்சந்திரன் நாடகம் போடுவார்கள். காலையில் பால்மரம் சீவிவிட்டு வந்த ஒரு பெரியவர்தான் அரிச்சந்திரன். மயான காண்டத்தில் சந்திரமதி பிள்ளையைக் கிடத்தி அழும்போது இவர் வாயே திறக்கமாட்டார். கையிலிருக்கும் கோலைத் தரையில் மெல்லத் தட்டிக்கொண்டே நிற்பார். கச்சான் (வேர்க்கடலை) கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கப்சிப். (டிவி சீரியலில் ஒரே முகத்தை மூன்று தடவை காட்டி இடி இடிக்க விடுகிறார்களே, அந்தப் பழியையும் மேடை மேலேயே போடுவதா?) அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், மேடை நடிகர் கத்துவார் என்பதற்குச் சிவாஜியை இழுத்திருக்கிறார். நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர்தான், ஆனால் 1992-இல் வந்த 'தேவர் மகன்' படத்தில் அவர் நடித்த பெரிய தேவர் எவ்வளவு அடங்கிப் பேசுகிறார் என்று பாருங்கள். அதற்கு முன்பு அவரிடம் பக்கம் பக்கமாக வசனத்தைக் கொடுத்து, கர்ஜிக்கச் சொல்லிக் கைதட்டியவர்கள் நாம்தானே ஐயா.