ட்ரோபோனினுக்குப் பதில் மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்டா?

அண்ணா, "மைக்ரோ ஆர்என்ஏ டெஸ்ட் எடுத்தால் மாரடைப்பு வருமா என்று முன்னாடியே தெரிந்துவிடும், இனி இசிஜி, ட்ரோபோனின் எல்லாம் வேண்டாம்" என்று போட்டிருக்கிறீர்களே, அதில் பாதி கூடச் சரியில்லை. (ட்ரோபோனின் என்பது இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் புரதம்; அதை அளப்பதுதான் ட்ரோபோனின் டெஸ்ட்.) மைக்ரோ ஆர்என்ஏ நிஜம்தான்: செல்லுக்குள் இருக்கும், சுமார் 22 எழுத்து (மரபுக் குறியீட்டு அலகு) நீளமுள்ள ஆர்என்ஏ துணுக்கு, புரதம் செய்யச் சொல்லும் தூது ஆர்என்ஏவோடு ஒட்டிக்கொண்டு அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கும், அதைக் கண்டுபிடித்ததற்குத்தான் 2024இல் விக்டர் ஆம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் நோபல் கிடைத்தது. இதயத் தசை சேதமானால் மிஆர்-208ஏ, மிஆர்-499 போன்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் ரத்தத்தில் கசியும், அதுவும் உண்மை. ஆனால் கசிவது சேதத்துக்கு அப்புறம். ஜோசியம் இல்லை. தவிர, அளப்பதே பெரிய தலைவலி: மாரடைப்பு என்று வருபவருக்குப் போடும் ஹெப்பாரினே (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) பிசிஆர் (ஆர்என்ஏவைப் பல மடங்கு பெருக்கி அளக்கும் முறை) அளவைக் கெடுத்துவிடும், ரத்தம் எடுக்கையில் சிவப்பணு உடைந்தாலும் கணக்கு தப்பும்.

போன வருஷம் செம்பூரில் என் சித்தப்பாவுக்கு நெஞ்சில் அழுத்தம், சட்டை பிழியப் பிழிய வியர்வை. ஆஸ்பத்திரிக்குள்ளே போனதுமே இசிஜி, மூன்று மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை ட்ரோபோனின். முதலாவது நார்மல், இரண்டாவது ஏறியிருந்தது, அதை வைத்துத்தான் ஆஞ்சியோவுக்கு அனுப்பினார்கள்.