அந்த மூன்று நொடி

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் பயிற்சி தரும் பேராசிரியர் என்றால் பலருக்கும் ஓர் இளக்காரம். ஆய்வகத்தில் இருப்பவர்தான் விஞ்ஞானி, இவர் சின்னப் பிள்ளைகளுக்கு அட்டை வெட்டச் சொல்லித் தருபவர் என்ற நினைப்பு. கேட்டாலே கோபம் வருகிறது எனக்கு.

மேரி பட் ரோ என்று ஓர் அமெரிக்கப் பேராசிரியர் இருந்தார். அறிவியல் வகுப்புகளை ஒலிப்பதிவு செய்து, கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்கு எவ்வளவு நேரம் பொறுக்கிறார் என்று அளந்தார். சராசரியாக ஒரு நொடிதான்! அதற்குள் கேள்வியை மாற்றிவிடுவார், இல்லை வேறு பிள்ளையிடம் போய்விடுவார். அதை மூன்று நொடி ஆக்கியதும் பதில்கள் நீண்டன, வாயே திறக்காத பிள்ளைகள் பேசினார்கள், அவர்களாகவே கேள்வியும் கேட்டார்கள். 1974-ல் இதையெல்லாம் கட்டுரையாக வெளியிட்டார். இன்னொன்றும் கண்டுபிடித்தார், எனக்கு மனசு வலித்த இடம் அதுதான்: நன்றாகப் படிக்கும் பிள்ளைக்குக் கொடுக்கிற நேரத்தைக்கூட, 'மந்தம்' என்று நினைக்கிற பிள்ளைக்கு ஆசிரியர்கள் கொடுப்பதில்லை. யாருக்கு அதிக நேரம் வேண்டுமோ அவருக்குத்தான் குறைவு.

பயிற்சியில் எங்கள் பேராசிரியர் ஒருநாள் ஆளுக்கு ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு ஒயர் கொடுத்து எரிய வையுங்கள் என்றார். மின்சுற்று என்றால் என்ன என்று எல்லோருக்கும் மனப்பாடம். பேட்டரியின் தலையிலிருந்து பல்பின் அடிக்கு ஒயரைக் கொண்டுபோய் வைத்துவிட்டு ஏன் எரியவில்லை என்று விழித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை, மேசை மேசையாக வந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கால் மணி நேரம் போயிருக்கும். அப்புறம் என் பக்கத்தில் இருந்தவர் பல்பின் அடியைப் பேட்டரித் தலையிலேயே நிறுத்தி, பேட்டரியின் அடியிலிருந்து ஒயரை எடுத்து பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தொட்டார். எரிந்தது! பல்புக்கும் இரண்டு முனை உண்டு என்பது அன்றைக்குத்தான் கைக்குத் தெரிந்தது. முதல் நிமிடத்திலேயே அவர் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்போம், அவ்வளவுதான்.

பதில் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது லேசான வேலை இல்லை. ஒரு குழந்தையிடம் ஏதாவது கேட்டுவிட்டு மூன்று நொடி சும்மா இருந்து பாருங்கள், எவ்வளவு நீளம் என்று தெரியும். முப்பது பிள்ளைகள் முன்னால், பாடம் முடிக்க வேண்டிய அவசரத்தில் அப்படி நிற்க ஓர் இளம் ஆசிரியரைப் பழக்குவதென்றால், யாராவது வாரக்கணக்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்து, எந்த இடத்தில் அவசரப்பட்டார் என்று பிறகு பொறுமையாகப் பேச வேண்டும். அந்த வேலையைத்தான் இந்தப் பேராசிரியர்கள் செய்கிறார்கள். பதவி உயர்வு என்று வரும்போது கட்டுரைகளை எண்ணுகிறோமே, அந்தக் கடைசி பெஞ்சில் கழிந்த மணி நேரங்களையும் எண்ணுங்கள்.